பெரிய எழுத்துல போட்டா மட்டும் அது தலைப்பு ஆயிடாது

ரெண்டு மாசம் முன்னாடி ஒரு ரிட்டயர்டு டீச்சர் தன்னோட வகுப்பறை அனுபவங்களை எழுதி, மின்னூலாக்கித் தரச் சொல்லி ஃபைல் அனுப்பினாங்க. 42 அத்தியாயம், அவங்களே உக்காந்து வேர்ட்ல டைப் பண்ணது, ஒற்று மிகுற இடம் மிகாத இடம் எல்லாம் அவ்ளோ சுத்தம். "வேலையெல்லாம் முடிச்சுட்டேன்ப்பா, நீ மாத்தி மட்டும் குடுத்தா போதும்"னு போன்ல சொன்னாங்க. திறந்து பாத்தா கண்ணுக்கு அழகாத்தான் இருக்கு, ஒவ்வொரு அத்தியாயமும் புதுப் பக்கத்துல தொடங்குது, தலைப்பு நடுவுல, தடிமனா, 20 பாயின்ட்ல. அச்சடிச்சுக் கையில குடுத்தா யாரும் ஒரு குறை சொல்ல முடியாது.

எந்த ஃபைல் வந்தாலும் நான் முதல் வேலையா மறைஞ்சிருக்குற குறிகளைக் காட்டச் சொல்லிப் பாப்பேன், லிப்ரே ஆபிஸ் ரைட்டர்ல (வேர்ட் மாதிரியே ஒரு இலவச மென்பொருள்) கன்ட்ரோல் எஃப்10, வேர்ட்ல கன்ட்ரோல் ஷிஃப்ட் 8. காட்டினதும் பக்கம் முழுக்க பத்திக்குறி. முதல் அத்தியாயம் முடிஞ்ச வரிக்குக் கீழ 17 என்டர், அப்புறம் ஒரு பதினஞ்சு ஸ்பேஸ், அப்புறம் தலைப்பு. அடுத்த அத்தியாயத்துக்கு முன்னாடி 9 என்டர். அதுக்கு அடுத்ததுக்கு 23. அதாவது பக்கத்துல எவ்வளவு இடம் மிச்சமோ அவ்வளவு என்டர், அழுத்திக்கிட்டே வந்து அடுத்த பக்கம் எட்டிப் பாத்ததும் நிறுத்தி அங்க தலைப்பை வச்சிருக்காங்க, தலைப்பு நடுவுல வர்றதுக்கு ஸ்பேஸ் பாரை எண்ணி எண்ணித் தட்டியிருக்காங்க. 42 தடவை. நடுவுல எங்கயாவது ஒரு பத்தி சேர்த்திருந்தா கீழ இருக்குறதெல்லாம் நகர்ந்திருக்கும், திரும்ப முதல்ல இருந்து சரி பண்ணியிருப்பாங்க. எத்தனை சாயங்காலம் போயிருக்கும்னு நினைச்சப்ப எனக்கு மனசு என்னவோ பண்ணிச்சு, ஏன்னா அந்த உழைப்புல ஒரு துளி கூட மின்னூலுக்குப் போய்ச் சேராது. இதை யாராவது முதல்லயே அவங்ககிட்ட சொல்லியிருக்கலாம். அதான் எழுதுறேன், எழுதிக்கிட்டு இருக்குற யாராவது படிப்பீங்கன்னு.

மின்னூல்ல பக்கம்னு ஒண்ணு நிலையா கிடையாது. படிக்கிறவங்க போன் சின்னதா பெருசா, எழுத்தை எவ்வளவு பெருசாக்கி வச்சிருக்காங்க, போனைப் படுக்கப் போட்டுப் படிக்கிறாங்களா நிறுத்திப் படிக்கிறாங்களா, இதைப் பொறுத்து பக்கம் மாறிக்கிட்டே இருக்கும். வேர்ட்ல 17 என்டர் போட்டா சரியா அடுத்த பக்கம் வந்துச்சு, ஆனா போன்ல அதே 17 என்டர் ஒரு முழுத்திரை வெறும் வெள்ளையா வரும், அதுக்கு அடுத்த திரையில நட்டநடுவுல தலைப்பு தொங்கும், இல்லன்னா மாத்துற கருவி வெத்துப் பத்தி எதுக்குன்னு எல்லாத்தையும் தூக்கிட்டு அத்தியாயம் ரெண்டையும் ஒட்டி வச்சிடும். ரெண்டுல எது நடந்தாலும் படிக்கிறவங்களுக்குப் பாதகம்தான்.

இதை விடப் பெரிய விஷயம், அந்த 20 பாயின்ட் தடிமன் எழுத்து. நமக்கு அது தலைப்பு. கம்ப்யூட்டருக்கு அது ஒரு பத்தி, கொஞ்சம் பெரிய எழுத்துல இருக்குற ஒரு பத்தி, அவ்வளவுதான். ஒரு பெரியவர் சொன்ன வசனத்தை அழுத்திச் சொல்லணும்னு தடிமனா பெருசா போட்டிருந்தா அதுவும் இதுவும் அதுக்கு ஒண்ணே. இதுதான் தலைப்புன்னு நாம வாய் விட்டுச் சொல்லணும், அப்படிச் சொல்றதுக்கு வேர்ட் பிராசஸர்ல இருக்குற வழிக்குப் பேருதான் ஸ்டைல், ஹெடிங் 1, ஹெடிங் 2ன்னு வரிசையா இருக்குமே அது. நிறைய பேர் அதை அலங்காரம்னு நினைச்சு, அந்த நீலக்கலர் பிடிக்கல, அந்த ஃபான்ட் பிடிக்கலன்னு ஒதுக்கிட்டு கையால போல்டு பண்ணிக்கிறாங்க. கலரையும் ஃபான்ட்டையும் நம்ம இஷ்டத்துக்கு மாத்திக்கலாம், அது விஷயமே இல்ல. அந்தப் பத்திக்கு ஹெடிங் 1ங்கிற பேர் ஒட்டியிருக்கணும், அதுதான் முக்கியம்.

இது எனக்கு எப்ப உறைச்சுதுன்னு சொல்றேன். நாலு வருஷம் முன்னாடி நான் மாத்திக் குடுத்த ஒரு நீளமான நாவல், அறுபது அத்தியாயத்துக்கு மேல, அவசரமா முடிக்கணும்னு தலைப்புக்கு ஸ்டைல் எதுவும் போடாம, என்டர் மட்டும் நீக்கிட்டு பேஜ் பிரேக் போட்டு ஈபப்ங்கிற மின்னூல் வடிவத்துக்கு மாத்திக் குடுத்துட்டேன். திரையில பாக்க நல்லாவே இருந்துச்சு. ஒரு வாரம் கழிச்சு ஒருத்தர் போன் பண்ணார், பார்வை இல்லாதவர், திரையில இருக்குறதைப் படிச்சுச் சொல்ற திரைவாசிப்பான் போட்டு கேட்டுத்தான் படிப்பார். ரொம்ப மரியாதையா பேசினார். "தம்பி, கதை நல்லா இருக்கு, நேத்து பதினேழாவது அத்தியாயம் வரைக்கும் கேட்டேன், நடுவுல போன் சார்ஜ் இல்லாம ஆஃப் ஆயிடுச்சு, இன்னைக்குத் திறந்தா முதல்ல இருந்து ஆரம்பிக்குது, பதினேழுக்கு எப்படிப் போறதுன்னு தெரியல, உள்ளடக்கம் எங்க இருக்கு?" உள்ளடக்கமே இல்ல. பொருளடக்கப் பட்டியலைத் திறந்தா புத்தகத்தோட பேர் மட்டும் ஒத்தை வரியா நிக்குது. பார்வை இருக்குறவங்க வேகமா தள்ளிக்கிட்டே போய் எங்க பெரிய எழுத்து வருதுன்னு கண்ணால தேடிக்குவாங்க, அவர் எதைத் தேடுவார்? அன்னைக்கு ராத்திரியே உக்காந்து அத்தனை தலைப்புக்கும் ஹெடிங் 1 போட்டு திரும்ப அனுப்பினேன். அதுக்கப்புறம் ஒரு புத்தகத்தையும் ஸ்டைல் போடாம விட்டது கிடையாது.

கேட்டுப் படிக்கிறவங்களுக்குத் தலைப்புதான் கைப்பிடி. கம்ப்யூட்டர்ல என்விடிஏங்கிற திரைவாசிப்பான் போட்டுப் படிக்கிறவங்க ஹெச் கீயை அழுத்தினா அடுத்த தலைப்புக்குத் தாவும், 1 அழுத்தினா அடுத்த முதல்நிலைத் தலைப்பு, 2 அழுத்தினா ரெண்டாம் நிலை, இப்படி 6 வரைக்கும். ஆண்ட்ராய்டு போன்ல இருக்குற டாக்பேக் திரைவாசிப்பான்லயும் தலைப்பு தலைப்பா நகர வழி இருக்கு. நாம பேர் வைக்காம விட்ட புத்தகத்துல இந்தக் கீ எதை அழுத்தினாலும் தலைப்பு இல்லைன்னுதான் வரும்.

இன்னொண்ணு, எனக்கு ரொம்ப நாளா தெரியாம இருந்து தெரிஞ்சப்ப சிலிர்த்த விஷயம். ஈபப் 2ல, அதாவது 2007ல வந்த வடிவத்துல, பொருளடக்கத்தைத் தாங்குற ஃபைலுக்கு என்சிஎக்ஸ்னு பேர். அந்த அமைப்பை ஈபப் பண்ணவங்க புதுசா உருவாக்கல, டெய்சிங்கிற பேசும் புத்தகத் தரத்துல இருந்து எடுத்துக்கிட்டாங்க. அச்சுப் புத்தகத்தைப் படிக்க முடியாதவங்களுக்காக 1996ல தொடங்கின கூட்டமைப்பு அது, ஒலிப்புத்தகத்துல அத்தியாயம் அத்தியாயமா தாவுறதுக்கு அவங்க வச்சிருந்த வழி. இன்னைக்கு நாம போன்ல மூணு கோடு ஐகானைத் தொட்டு அத்தியாயப் பட்டியலைத் திறக்குறோமே, அது பார்வையில்லாத வாசகர்களுக்காக யோசிச்ச வழியில இருந்து நமக்கு வந்தது. 2011ல ஈபப் 3 வந்தப்ப என்சிஎக்ஸ் இடத்துல நேவ்னு ஒரு சாதாரண ஹெச்டிஎம்எல் பட்டியல் வந்துச்சு, பழைய கருவிகளுக்காக ரெண்டையும் சேர்த்தே வைக்கிறவங்க இப்பவும் உண்டு.

ஈபப்னா என்னன்னு பயப்பட ஒண்ணும் இல்ல, அது ஒரு ஜிப் ஃபைல். பேரோட கடைசியில இருக்குறதை ஜிப்னு மாத்திட்டு விரிச்சுப் பாத்தா உள்ள வெப் பக்கங்கள் மாதிரி ஃபைல்கள் இருக்கும். நல்லா பிரிச்ச புத்தகத்துல அத்தியாயத்துக்கு ஒரு ஃபைல். நான் அன்னைக்கு அவசரத்துல பண்ணதை அப்புறமா விரிச்சுப் பாத்தேன், தலைப்பு இருக்க வேண்டிய இடத்துல எல்லாம் வெறும் பத்திக்கான பி குறி, அதுக்குள்ள போல்டு. சரி பண்ணதுல அதே இடத்துல ஹெச்1, அதாவது முதல்நிலைத் தலைப்புக்கான குறி. வித்தியாசம் அந்த ஒரு குறிதான். படிக்கிற ஆப் வழக்கமா ஒரு நேரத்துல ஒரு ஃபைலைத் திறக்கும், புது ஃபைல்னா புதுத் திரையில தொடங்கும், அதனால அத்தியாயத்தை ஃபைலாப் பிரிச்சுட்டா புதுப் பக்கம் தானா வந்துடும், என்டர் எண்ண வேண்டியதே இல்ல.

சரி, டீச்சர் ஃபைலுக்கு வர்றேன். நான் ரைட்டர்ல பண்றதைச் சொல்றேன், வேர்ட்லயும் இதே யோசனைதான்.

எஃப்11 அழுத்தினா ஸ்டைல் பட்டியல் பக்கத்துல வரும். ஹெடிங் 1 மேல ரைட் கிளிக் பண்ணி எடிட் போய், டெக்ஸ்ட் ஃப்ளோங்கிற டேப்ல பிரேக்னு இருக்குற இடத்துல இன்சர்ட்டை டிக் பண்ணி, பேஜ், பிஃபோர்னு வச்சேன். வேர்ட்ல இதுக்குப் பேரு பேஜ் பிரேக் பிஃபோர், பேராகிராஃப் அமைப்புல லைன் அண்ட் பேஜ் பிரேக்ஸ்குள்ள இருக்கும். இனிமே எந்தப் பத்திக்கு ஹெடிங் 1 குடுத்தாலும் அது தானா புதுப் பக்கத்துக்குப் போயிடும், மேல எத்தனை பத்தி சேர்த்தாலும் கழிச்சாலும் கவலை இல்ல. நடுவுல நிக்கணும்னா அதையும் இங்கேயே ஸ்டைல்ல ஒரு தடவை சொல்லிடலாம், ஸ்பேஸ் தட்ட வேண்டாம். தலைப்புல கர்சரை வச்சு கன்ட்ரோல் 1 அழுத்தினா ஹெடிங் 1 ஆயிடும், வேர்ட்லயும் கூகுள் டாக்ஸ்லயும் கன்ட்ரோல் ஆல்ட் 1.

42 தலைப்பையும் ஒண்ணொண்ணா தேடிப் போக வேண்டியதில்லை. கன்ட்ரோல் ஹெச் அழுத்தி, ரெகுலர் எக்ஸ்பிரஷனை (வார்த்தையை இல்லாம ஒரு அமைப்பைச் சொல்லித் தேடுற முறை) டிக் பண்ணிட்டு, முதல்ல பத்தி தொடக்கத்தைக் குறிக்கிற ^ போட்டு ஒரு ஸ்பேஸ் போட்டு + போட்டு தேடி, மாத்துற இடத்தைக் காலியா விட்டு, பத்தி தொடக்கத்துல இருக்குற ஸ்பேஸ் எல்லாத்தையும் எடுத்தேன். அப்புறம் இதைத் தேடினேன்: ^அத்தியாயம் [0-9]+ அதாவது, பத்தி தொடக்கத்துல அத்தியாயம்ங்கிற வார்த்தை, ஒரு ஸ்பேஸ், அதுக்கப்புறம் எண். ஃபைண்ட் ஆல் குடுத்ததும் எல்லாம் ஒண்ணா செலக்ட் ஆச்சு, ஸ்டைல் பட்டியல்ல ஹெடிங் 1ஐ டபுள் கிளிக் பண்ணேன், மொத்தமும் மாறிடுச்சு. அஞ்சு நிமிஷம் கூட ஆகல. கையால போட்ட பழைய 20 பாயின்ட் தடிமன் இன்னும் மேல ஒட்டிக்கிட்டு இருக்கும், தலைப்புகளை மட்டும் செலக்ட் பண்ணி கன்ட்ரோல் எம் குடுத்தா அது போயிடும். தலைப்புகளை மட்டும்னு அழுத்திச் சொல்றேன், முழு ஃபைலையும் செலக்ட் பண்ணி கன்ட்ரோல் எம் குடுத்தா எழுதினவங்க ஆசையா போட்ட சாய்வெழுத்து எல்லாம் சேர்ந்து போயிடும்.

எஃப்5 அழுத்தி, தலைப்புகளை வரிசையா காட்டுற நேவிகேட்டரைத் திறந்து எண்ணினேன். 41. ஒண்ணு குறையுது. ஒவ்வொண்ணா பாத்துக்கிட்டே வந்தா 28க்கு அப்புறம் 30. போய்ப் பாத்தா அங்க மட்டும் "அத்தியாயம்29"னு நடுவுல ஸ்பேஸ் இல்லாம ஒட்டி அடிச்சிருக்காங்க, தேடல் அதைத் தாண்டிப் போயிடுச்சு. இந்த எண்ணிக்கை சரிபாக்குறதை எந்தப் புத்தகத்துலயும் விட்டுடாதீங்க, ஒரு அத்தியாயத்துக்குத் தலைப்புக்குறி விட்டுப்போனா அது முந்தின அத்தியாயத்தோட வாலா ஒட்டிக்கும், படிக்கிறவங்களுக்கு அப்படி ஒரு அத்தியாயம் இருக்குறதே பட்டியல்ல தெரியாது.

அடுத்து வெத்துப் பத்திகள். ^$னு (தொடங்கின உடனே முடியுற பத்தி, அதாவது உள்ள ஒண்ணுமே இல்லாத பத்தி) தேடி, மாத்துற இடத்தைக் காலியா விட்டு ரீப்ளேஸ் ஆல் குடுத்தா அத்தனை வெத்து என்டரும் ஒரே தட்டுல போயிடும். கை அந்த பட்டன் மேல போயிடுச்சு, நல்லவேளை நிறுத்தினேன். ஏன்னா அத்தியாயத்துக்கு உள்ளயே அங்கங்க ரெண்டு ரெண்டு என்டர் இருந்துச்சு. ஒரு இடத்துல டீச்சர் ஒரு பையனை அடிச்சுட்டதைப் பத்தி எழுதியிருக்காங்க, அதுக்குக் கீழ ரெண்டு வெத்து வரி, அப்புறம் "இருபது வருஷம் கழிச்சு அவன் கல்யாணப் பத்திரிகையோட வந்தான்"னு தொடங்குது. போன் பண்ணிக் கேட்டேன், இந்த இடைவெளி வேணும்னு விட்டதா டீச்சர்னு. "ஆமாப்பா, அங்க படிக்கிறவங்க கொஞ்சம் மூச்சு விடணும்ல"ன்னாங்க. அந்த ரெண்டு என்டரை நான் துடைச்சிருந்தா அடிச்ச நாளும் கல்யாணப் பத்திரிகையும் அடுத்தடுத்த வரியா வந்திருக்கும், இருபது வருஷம் காணாமப் போயிருக்கும். அதனால முதல்ல ஃபைல் முழுக்க ஒரு நடை நடந்து, அந்த மாதிரி இடத்துல எல்லாம் ஒரு அடையாளம் வச்சுட்டு அப்புறம்தான் துடைச்சேன். அடையாளத்துக்கு நடுவுல நிக்குற மூணு நட்சத்திரம், அதுக்குன்னு தனியா ஒரு பத்தி ஸ்டைல். வெறும் இடைவெளியா விட்டா அது திரையோட அடியில வந்து விழுந்தா யாருக்கும் தெரியாமப் போயிடும். ஆனா இதுக்கு ஹெடிங் ஸ்டைல் மட்டும் குடுத்துடாதீங்க, பொருளடக்கத்துல நட்சத்திரம் நட்சத்திரமா வரிசை கட்டி நிக்கும்.

இப்ப நிலை பத்தி. இதுல குழம்புறவங்க நிறைய. ஹெடிங் 1, ஹெடிங் 2ங்கிறது எழுத்து அளவு இல்ல, எதுக்குள்ள எது அடங்குதுங்கிற கணக்கு. தொல்காப்பியத்தையே எடுத்துக்குங்க, 3 அதிகாரம், ஒவ்வொண்ணுலயும் 9 இயல், மொத்தம் 27. அதை மின்னூலாக்கினா எழுத்ததிகாரம் ஹெடிங் 1, நூன்மரபு ஹெடிங் 2. ஆனா திருக்குறளுக்கு வந்தா அதிகாரம்ங்கிற அதே வார்த்தை வேற இடத்துல உக்காந்திருக்கு, மேல பால், உள்ள 133 அதிகாரம், அதிகாரத்துக்குப் பத்துக் குறள். ஒரு நூல்ல மேல் நிலையில இருக்குற பேர் இன்னொண்ணுல கீழ் நிலையில. வார்த்தையை வச்சு எந்தக் கருவியும் தானா கண்டுபிடிக்க முடியாது, அந்த நூலைத் தெரிஞ்ச ஆள் சொன்னாத்தான் உண்டு. அளவு பெருசா இருக்குன்னு ஹெடிங் 2ஐ விட்டுட்டு ஹெடிங் 3க்குத் தாவுறதும் தப்பு, அளவு பிடிக்கலன்னா ஸ்டைல்ல அளவை மாத்துங்க, நிலையை மாத்தாதீங்க. புத்தகத்தோட பேருக்கு டைட்டில்னு தனி ஸ்டைலே இருக்கு, அதுக்கு ஹெடிங் 1 குடுத்தா புத்தகமும் ஒரு அத்தியாயமா பட்டியல்ல வந்துடும்.

அத்தியாய எண் ஒரு வரி, தலைப்பு அடுத்த வரின்னு ரெண்டு வரியா வைக்கிறவங்க ரெண்டுக்கும் ஹெடிங் 1 குடுத்துடுறாங்க. அப்ப பொருளடக்கத்துல ஒவ்வொரு அத்தியாயமும் ரெண்டு தடவை வரும், அதை விட மோசம், தலைப்புக்குத் தலைப்பு வெட்டுற கருவியில எண் மட்டும் ஒரு திரையில தனியா நிக்கும், தலைப்பும் கதையும் அடுத்த திரைக்குப் போயிடும். நடுவுல என்டருக்குப் பதிலா ஷிஃப்ட் என்டர் போட்டா வரி மாறும், பத்தி மாறாது, ரெண்டும் ஒரே தலைப்பா இருக்கும். நான் இப்பல்லாம் "29. தாமதமா வந்த பத்திரிகை"ங்கிற மாதிரி ஒரே வரியா வச்சுடுறேன், எழுதினவங்க சம்மதிச்சா. வெறும் எண் மட்டும் தலைப்பா வைக்கிறதும் எனக்கு ஒப்பாது, பட்டியலைத் திறந்தா 1, 2, 3, 4ன்னு நிக்கும், எது எதுன்னு யாருக்கு நினைவு இருக்கும்.

கவிதைத் தொகுப்புல தலைப்பே இல்லாத கவிதைகள் வரும். அதுக்கு நம்ம பதிப்பாளர்கள் பழைய நூல்கள்ல வச்சிருந்த வழியைத்தான் நான் எடுத்துக்கிறேன், கடைசிப் பக்கங்கள்ல பாட்டு முதற்குறிப்புன்னு ஒரு பட்டியல் இருக்குமே, பாட்டோட முதல் வரியைப் பேரா வச்சு. அதே மாதிரி கவிதையோட முதல் சொற்கள் பொருளடக்கத்துல பேரா வரும்படி செஞ்சுடுவேன், கவிதை மேல தலைப்பு எதுவும் திணிக்க மாட்டேன். சிஜில்ங்கிற ஈபப் திருத்துற மென்பொருள்ல தலைப்புக் குறிக்கு டைட்டில்னு ஒரு பண்பு குடுத்தா பொருளடக்கத்துக்கு அதை எடுத்துக்கும்.

பழைய ஃபைல் மாத்துறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. யூனிகோடுக்கு முன்னாடி பாமினி மாதிரி ஃபான்ட்ல அடிச்சதை மாத்தும்போது உடல் பகுதி முழுக்க மாத்திட்டு, அலங்கார ஃபான்ட்ல இருந்த தலைப்பை மட்டும் விட்டுடுவாங்க. வேர்ட்ல அந்த ஃபான்ட் இருக்குறதால திரையில தமிழாவே தெரியும், சந்தேகமே வராது. மின்னூலாக்கி பொருளடக்கத்தைத் திறந்தா ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமா ஒரு வரிசை, ஏன்னா பொருளடக்கம் படிக்கிற ஆப்போட சொந்த ஃபான்ட்ல வரும், அதுக்கு பாமினி தெரியாது. அந்த அரைப்புள்ளிதான் பாமினியில மெய்யெழுத்து மேல வைக்கிற புள்ளி. தலைப்பைப் படமா செஞ்சு ஒட்டுறதும் இதே வகைதான், அழகா இருக்கும், ஆனா தேடினாலும் கிடைக்காது, திரைவாசிப்பானும் படிக்காது.

மாத்துற இடம் பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல. லிப்ரே ஆபிஸ்ல 2018ல வந்த 6.0ல இருந்தே நேரா ஈபப்பா எக்ஸ்போர்ட் பண்ண முடியும், அந்த ஜன்னல்ல ஸ்பிளிட் மெத்தட்னு இருக்கும், ஹெடிங்கா பேஜ் பிரேக்கானு கேக்கும், ஹெடிங்கைத் தேர்ந்தெடுங்க. காலிபர்ங்கிற மின்னூல் மாத்துற மென்பொருளைப் பயன்படுத்துறவங்க ஒண்ணு கவனிக்கணும். அதுல அத்தியாயத்தைத் தானா கண்டுபிடிக்கிற அமைப்பு, ஹெச்1 ஹெச்2 தலைப்புல சாப்டர், புக், செக்‌ஷன், பார்ட்ங்கிற மாதிரி ஆங்கில வார்த்தைகளைத்தான் தேடும். அத்தியாயம்ங்கிற சொல் அதுக்குத் தெரியாது. அதனால கன்வெர்ட் பண்ணும்போது ஸ்டிரக்சர் டிடெக்‌ஷன்லயும் டேபிள் ஆஃப் கன்டென்ட்ஸ்ல லெவல் 1லயும் பக்கத்துல இருக்குற மந்திரக்கோல் பட்டனை அழுத்தி ஹெச்1னு குடுத்துடுங்க. அப்புறம் 260 கேபிக்கு மேல போற ஃபைலை காலிபர் தானா வெட்டும், மின்னூல் படிக்கிற அடோபி டிஜிட்டல் எடிஷன்ஸ் மென்பொருள் தாங்குற அளவு அதுதான்னு வச்சிருக்காங்க. யூனிகோடோட யுடிஎஃப்-8 முறையில ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட், ஆங்கில எழுத்துக்கு 1 பைட், அதனால அதே நீளத்துக்கு நம்ம எழுத்து அந்த வரம்பைச் சீக்கிரமே தொட்டுடும். அத்தியாயம் பிரிக்காம விட்ட தமிழ்ப் புத்தகத்தை அது எங்கயோ ஒரு பத்தி முடிவுல வெட்டிப் புதுத் திரைக்குத் தள்ளிடும், சண்டை நடுவுல புதுப் பக்கம் தொடங்குறதை நானே பாத்திருக்கேன்.

கையால பொருளடக்கம் டைப் பண்ணி, புள்ளி புள்ளியா போட்டு பக்க எண் குடுக்குறதை டீச்சரும் செஞ்சிருந்தாங்க. பக்கமே நிலையா இல்லாத இடத்துல அந்த எண் யாரையும் எங்கயும் கூட்டிட்டுப் போகாது. அதை எடுத்துட்டேன்னு சொன்னப்ப கொஞ்சம் வருத்தப்பட்டாங்க, அப்புறம் போன்ல பட்டியலைத் திறந்து 29ஐத் தொட்டதும் 29 வந்ததைப் பாத்துட்டு, "இதுக்கா நான் அவ்ளோ என்டர் தட்டினேன்"னு ரொம்ப நேரம் பேசாம இருந்தாங்க. ரெண்டாவது புத்தகம் எழுத ஆரம்பிச்சுட்டாங்க, இப்ப முதல் அத்தியாயத்துல இருந்தே கன்ட்ரோல் ஆல்ட் 1.

ஃபைல் முடிஞ்சதும் நான் அந்தப் பார்வையில்லாத அண்ணனுக்குத்தான் முதல்ல அனுப்புவேன், நாலு வருஷமா அப்படித்தான். திரையில பாத்து நான் எவ்வளவு சரிபாத்தாலும் அவர் காதுக்குத் தப்பாது. இதுவும் அனுப்பினேன். மறுநாள் வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு: "தம்பி, நல்லா தாவுது, எல்லாம் வருது, ஆனா 12க்கும் 13க்கும் நடுவுல பேரே இல்லாம ஒரு தலைப்பு நிக்குது, தலைப்புன்னு மட்டும் சொல்லுது, என்னன்னு சொல்ல மாட்டேங்குது." போய்ப் பாத்தேன். 13ஆவது தலைப்புக்கு மேல ஒரே ஒரு ஸ்பேஸ் மட்டும் இருக்குற பத்தி, கண்ணுக்கு வெத்து வரி, முதல்ல ஸ்பேஸ் எல்லாம் எடுத்ததுக்கு அப்புறம் நான் நகர்த்தி ஒட்டினப்ப வந்தது, ஹெடிங் 1 அதுக்கும் ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு, உள்ள ஸ்பேஸ் இருந்ததால ^$ல சிக்கல. அதை எடுத்துட்டு, முழுக்க ஸ்பேஸ் மட்டும் இருக்குற பத்தி வேற எங்கயாவது இருக்கான்னு ^ ஸ்பேஸ் + $ போட்டுத் தேடினேன், இன்னும் ரெண்டு இருந்துச்சு. மூணையும் நீக்கி திரும்ப எக்ஸ்போர்ட் பண்ணி, ராத்திரி பதினொண்ணு மணிக்கு அவருக்கு மறுபடி அனுப்பிட்டுத்தான் டீச்சருக்கு அனுப்பினேன்.